கோடியக்கரை: கடலோரமும் பறவைகளும்

கோடியக்கரை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள நிலமுனை. வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழமண்டலக் கடற்கரை இங்கே ஏறக்குறையச் செங்கோணத்தில் மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா அலையடிக்க, தெற்கே பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். தமிழகக் கரையில் இதைவிட அழகான திருப்பம் வேறில்லை.

இங்குள்ள கோடிக்குழகர் கோயில் சுந்தரர் பாடல் பெற்ற தலம். துணையின்றி இறைவன் இந்தக் கடலோரத்தில் தனித்திருப்பதை எண்ணிச் சுந்தரர் வருந்துகிறார். மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறும் காடு என்கிறார். இவ்வூர்ப் பறவைகளைப் பற்றிய பழஞ்சான்றாக அப்பதிகத்தையே கொள்ள வேண்டும். சோழர் காலத்துச் செங்கல் கலங்கரை விளக்கம் ஒன்று இங்கே நெடுங்காலம் நின்றது. பொன்னியின் செல்வன் நாவலில் கல்கி பூங்குழலியை உலவவிட்ட கரை இதுவே. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் அந்தக் கலங்கரை விளக்கம் இடிந்தது.

மழைக்காலத்தை ஒட்டி வலசைப் பறவைகள் வந்திறங்கும். சேற்றுப் பரப்பில் எந்தப் பறவை எங்கே மேயும் என்பதை அலகே தீர்மானிக்கிறது. சிட்டுக்குருவியளவே உள்ள கொசு உள்ளான் குட்டை அலகால் சேற்றின் மேற்பரப்பைக் கொத்தும். சற்றே வளைந்த அலகுடைய உள்ளான்கள் அதற்குக் கீழே துழாவும். குதிரைமலைக் கோட்டான் நீண்டு வளைந்த அலகை வளைக்குள் நுழைத்து நண்டை இழுத்தெடுக்கும். பூநாரையின் முறை வேறு. தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்து மெல்லிய தகடுகளில் சிற்றுயிர்கள் தங்கிவிடும். ஆழமான நீர் ஆலாக்களுக்கு. அவற்றில் மிகப் பெரியதான காஸ்பியன் ஆலா, சிவந்த அலகைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி பறந்து, மீன் தென்பட்டதும் செங்குத்தாகப் பாயும். இவை வந்து சேரும் வழிகளும் வேறு வேறு. பழுப்புத்தலைக் கடற்காகம் திபெத், லடாக் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. உள்ளான்கள் பலவும் ஆர்க்டிக் தூந்திராவிலிருந்து வருபவை.

இந்த வழிகளை அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் வழிகாட்டலில், இங்கே பறவைகளுக்கு வளையமிட்டது. பிகாரிலிருந்து வந்த பரம்பரைப் பறவை பிடிப்பவர்களின் கைத்திறனே இப்பணிக்குப் பெருந்துணை. பறவைக்குக் காயம் படாமல் கண்ணியிலிருந்து விடுவித்து, எடை பார்த்து, அலகையும் இறக்கையையும் அளந்து, கழகத்தின் பெயரும் எண்ணும் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடுவார்கள். வேறொரு நாட்டில் அந்த வளையம் கிடைத்தால் பயணத்தின் மறுமுனை தெரிந்துவிடும். இந்திய வலசை ஆய்வில் கோடியக்கரைக்கு நிகராகச் சொல்லத்தக்க இடங்கள் மிகச் சில.

1967-இல் இது சரணாலயமானது, முதன்மையாக வெளிமான்களுக்காக. 2002-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பெரிய உப்பளங்கள் சதுப்பின் நீரோட்டத்தை மாற்றியதால் பறவைகளின் வரத்து முன்னைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் காட்டு மரங்களைப் பெருமளவில் சாய்த்தது.