வில்லங்கச் சான்று

ஒரு மனை, வீடு அல்லது நிலத்தின்மீது குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவான கிரையம், அடமானம், தானம், பாகப்பிரிவினை போன்ற ஆவணங்களைத் தேடிப் பதிவுத்துறை தரும் சான்று. பேச்சு வழக்கில் ‘ஈசி’ எனப்படும். ஆவணங்கள் இருந்தால் படிவம் 15-இலும், எதுவும் இல்லையென்றால் படிவம் 16-இலும் இது வழங்கப்படுகிறது. சொத்துப் பதிவேட்டையும் அதன் அட்டவணைகளையும் யார் வேண்டுமானாலும் பார்வையிட 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இடம் தருகிறது. தமிழ்நாட்டில் 1975 முதலான விவரங்களைப் பதிவுத்துறை இணையதளத்தில் தேடலாம். அதற்கு முந்தியவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுதான் முறை. தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்குப் பொதுவாக 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் ஆகின்றன. 30 லட்ச ரூபாய் மனைக்கு இதுவே 2.70 லட்சம். சிக்கல் பின்னால் தெரியவந்தால் மனைக்குக் கொடுத்த பணத்தோடு இதுவும் முடங்கும். விற்பவர் காட்டும் நகல் சில ஆண்டுகளை மட்டுமே காட்டக்கூடும். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வாங்குபவர் தாமே எடுப்பது நல்லது. சர்வே எண் பின்னாளில் உட்பிரிவு செய்யப்பட்டிருந்தால் பழைய எண்ணிலும் தேட வேண்டும். புதிய எண்ணில் மட்டும் தேடினால் பழைய அடமானம் கண்ணில் படாமலே போய்விடும்.

சான்றில் எதுவும் இல்லை என்றால் சொத்தில் சிக்கல் இல்லை என்று பொருளல்ல. பலர் ஏமாறுவது இங்கேதான். பதிவுக்கு வந்தவை மட்டுமே இதில் இடம்பெறும். உயில் தனிப் புத்தகத்தில் பதிவாவதால் இதில் வராது. உயிலைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. சொத்தை விற்கப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவர் பொதுவாகச் செல்லாது. ஆனால் அவரது இறப்பைச் சான்று காட்டாது.

எல்லாவற்றிலும் கடுமையானது வாரிசுப் பங்கு. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் சம பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் திருத்தியது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. அப்படியும் சகோதரிகளின் கையெழுத்தின்றி அண்ணன் தம்பிகள் மட்டும் சேர்ந்து விற்பது நிற்கவில்லை. அந்தக் கிரையம் சகோதரிகளின் பங்கைக் கட்டுப்படுத்தாது. அவர்கள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால் வாங்கியவர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். எனவே வாரிசுச் சான்றையும் சகோதரிகள் எழுதித் தந்த விடுதலைப் பத்திரத்தையும் கேட்டுப் பெற வேண்டும். மூலப்பத்திரத்தின் அசலை நேரில் பார்ப்பதும், பட்டாவில் உள்ள பெயரும் பரப்பும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பதும் இதே அளவு முக்கியம்.

நிலுவையில் உள்ள வழக்கும் பெரும்பாலும் சான்றில் தெரியாது. வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் விற்பவரின் பெயரைக் கொண்டு அந்தப் பகுதி நீதிமன்றங்களில் வழக்கு உண்டா என்று தேடலாம்.