அந்தாத்து மாமி யார்?

மாதுங்காவில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெண் ஒரு சமாசாரம் சொன்னாள். காலேஜில் பிரெஞ்சு படிக்கிறவள். ஒரு செமஸ்டர் படிப்புக்காக பிரான்ஸ் தேசத்தில் லியோன் நகருக்குப் போகிறாளாம். ஹாஸ்டல் கிடையாது, ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தோடு, அவர்கள் வீட்டிலேயே ஒரு அறையில் தங்க வேண்டுமாம். எதிர் வரிசையில் இருந்த அவளுடைய பாட்டி இலையிலிருந்து நிமிர்ந்தார். சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் கேட்டது வேறு. "அந்தாத்து மாமி யாராம்?"

பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. பெயரும் விலாசமும் மட்டும் ஈ-மெயிலில் வந்திருக்கின்றன. பாட்டியின் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. பிறர் வீட்டில் தங்கிப் படிக்கும் இந்த ஏற்பாடு எப்போது, எப்படி வந்தது என்று தேடிப் படித்ததில் கிடைத்தவற்றை அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம்மவர் ஒருவரிடமிருந்தே தொடங்கலாம். கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறி ஏப்ரல் 14 அன்று லண்டன் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் அவர் முதலில் தங்கியது கல்லூரி அறையில் அல்ல. பேராசிரியர் நெவில், அவர் மனைவி ஆலிஸ் ஆகியோருடைய செஸ்டர்டன் சாலை வீட்டில். சொற்பொழிவுகள் ஆற்றச் சென்னைக்கு வந்திருந்த நெவில்தான் அவரைச் சீமைக்கு வரும்படி இசையவைத்தவர். சில வாரங்கள் கழித்து டிரினிட்டி கல்லூரி அறைக்குக் குடிபோன ராமானுஜன், அங்கே தாமே சமைத்துச் சாப்பிட்டார். அந்தச் சமையல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். முதல் வாரங்களில் ஒரு அன்னிய தேசத்து வீட்டின் வாசல் அவருக்குத் திறந்திருந்ததைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் அது ஒரு தம்பதி காட்டிய பிரியம். அதைத் திட்டம் என்று சொல்ல முடியாது.

திட்டமாக அது உருவானது அமெரிக்காவில், முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு. ரேமண்ட் கிர்க்பிரைட் என்பவர் அந்த யுத்தத்தில் பிரான்ஸில் பணியாற்றித் திரும்பி, டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்துவந்தார். அக்காலத்தில் வெளிநாட்டுப் படிப்பு என்றால் ஊரில் பட்டம் வாங்கியபின் மேல்படிப்புக்குப் போவது, அல்லது முழுப் பட்டத்தையும் அங்கேயே பெறுவது. கிர்க்பிரைட் கேட்டது புதுமையானது. நாலு வருஷப் படிப்பில் மூன்றாம் வருஷத்தை மட்டும் மாணவன் பிரான்ஸில் படிக்கட்டும். அந்த வருஷத்தைச் சொந்தக் கல்லூரியே தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளட்டும். பல்கலைக்கழகத் தலைவர் ஹல்லிஹென் இதற்கு இசைந்தார். பணம்தான் இல்லை. அவர் தனியாரிடம் கையேந்தினார். தொழிலதிபர் பியர் டு பாண்ட் உதவினார். பின்னாளில் ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர் ஆதரவு தந்தார்.

1923 ஜூலையில் எட்டே எட்டு மாணவர்கள் கிர்க்பிரைடோடு நியூயார்க்கில் கப்பல் ஏறினார்கள். கப்பலின் பெயர் ரோஷாம்போ. அமெரிக்க சுதந்திரப் போரில் உதவிக்கு வந்த பிரெஞ்சுத் தளபதியின் பெயர் அது. தற்செயலாக இருக்கலாம், ஆனாலும் பொருத்தம்! முதலில் நான்ஸி நகரில் சில வாரங்கள் மொழிப் பயிற்சி; பிறகு பாரிஸில் ஸோர்போனில் பாடங்கள். தங்கியது பிரெஞ்சுக் குடும்பங்களின் வீடுகளில். வகுப்பில் இலக்கணம் வரும். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றால் எப்படி மறுப்பது என்பது சாப்பாட்டு மேஜையில்தான் வரும். 1925இல் ஸ்மித் மகளிர் கல்லூரியும் தன் மாணவிகளை இதே வழியில் பிரான்ஸுக்கு அனுப்பத் தொடங்கியது.

சரி, பாட்டியின் கேள்விக்கு வருவோம். இந்த வீடுகள் ஏன் திறந்தன? பிரெஞ்சுக்காரர்கள் முன்பின் தெரியாதவரைச் சட்டென்று வீட்டுக்குள் அழைக்கிறவர்கள் அல்ல என்பார்கள். ஆனால் அந்த யுத்தத்தில் பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. பல வீடுகளில் சம்பாதிக்கிறவர் இல்லை. யுத்தத்துக்கு முன் ஒரு டாலருக்கு ஐந்து பிராங்க் சொச்சம். 1928இல் அது 25க்கும் மேல். சேமிப்பை நம்பியிருந்த கௌரவமான குடும்பங்கள் ஓசைப்படாமல் நொடித்துப்போயின. பெரிய வீடு இருந்தது, காலி அறை இருந்தது, கையில் காசு இல்லை. எதிர்ப்புறம் டாலரோடு வந்த மாணவன். இருபுறமும் தேவை இருந்தது.

நம் பெரியவர்கள் வாரச் சாப்பாடு என்பதை அறிவார்கள். பட்டணத்துக்குப் படிக்க வந்த ஏழைப் பையன், திங்கட்கிழமை ஒரு வீட்டில், செவ்வாய் இன்னொரு வீட்டில் என்று ஏழு வீடுகளில் உண்டு படித்து ஆளாவான். அதில் வாங்குகிறவன் ஏழை, கொடுப்பவருக்குப் புண்ணியம். பாரிஸில் இது தலைகீழ். இலை போடுகிறவருக்குத்தான் கஷ்டம், உட்காருகிற பிள்ளை வசதிக்காரன். அதை வெளியே காட்டாமல் பரிமாறுவது எவ்வளவு பெரிய காரியம் என்று வாரம் சாப்பிட்டவர்களுக்கே தெரியும்.

கிர்க்பிரைட் 1929இல் காலமானார். 1939இல் மீண்டும் யுத்தம் மூண்டு, மாணவர்கள் பிரான்ஸுக்குப் போவது நின்றது. யுத்தம் முடிந்து தொடங்கிய திட்டத்தை 1948இல் டெலவேர் கைவிட, வர்ஜீனியாவிலுள்ள ஸ்வீட் பிரையர் கல்லூரி ஏற்று நடத்தியது.

அதற்கு மறு வருஷம் ஸ்மித் கல்லூரிக் குழுவோடு பிரான்ஸுக்குப் போன மாணவிகளில் ஒருத்திக்கு வயது 20. பெயர் ஜாக்குலின் பூவியே. பிற்பாடு திருமதி கென்னடி. முதலில் கிரெனோபிள் நகரில் மொழிப் பயிற்சி. பிறகு பாரிஸில் அவென்யூ மொஸார்ட் என்ற தெருவில், தெ ரான்டி சீமாட்டியின் வீட்டில் ஜாகை. பட்டம் பெரிது, வீட்டு நிலைமை வேறு. சீமாட்டியும் கணவரும் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த ரகசிய இயக்கத்தில் இருந்தவர்கள். இருவரும் பிடிபட்டு நாஜி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கணவர் அங்கேயே இறந்தார். ராவென்ஸ்ப்ரூக் பெண்கள் முகாமிலிருந்து இவர் உயிரோடு திரும்பினார். பெண்கள் இருவர், ஒரு சின்னப் பேரன். குடும்பம் நடக்க வேண்டும் என்று அமெரிக்க மாணவிகள் மூவரை வீட்டில் சேர்த்துக்கொண்டார்.

அத்தனை பேருக்கும் ஒரே குளியலறை. குளிர்காலத்தில் சூடு கிடையாது. ஸ்வெட்டரும் கையுறையும் போட்டுக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்தபடி ஜாக்குலின் பாடம் எழுதினாள். காப்பிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன். பேச்சு பிரெஞ்சில் மட்டும். நியூயார்க்கில் செல்வச் செழிப்பில் வளர்ந்த பெண் இவை எதற்கும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. விடுமுறையில் ஜெர்மனிக்குப் போனபோது டாகாவ் முகாமையும் பார்த்துவிட்டு வந்தாள். அறிவுத் தாகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை அந்த வருஷத்தில்தான் கற்றேன் என்ற பொருளில் இரண்டு வருஷம் கழித்து எழுதினாள். 1961இல் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவியாகப் பாரிஸ் போனபோது அவள் பேசிய பிரெஞ்சை அந்த நகரமே மெச்சியது. கூடப் போன கணவர், ஜாக்குலினோடு பாரிஸுக்கு வந்தவன் நான்தான் என்று பத்திரிகைக்காரர்களிடம் தம்மையே அறிமுகம் செய்துகொண்டாராம்!

பிற்காலத்தில் ஒரு வருஷம் என்பது பலருக்கு ஒரு செமஸ்டராகச் சுருங்கிவிட்டது. செலவு ஒரு காரணம், படிப்பின் நெருக்கடி இன்னொன்று. எனக்கு இதில் அவ்வளவு சம்மதமில்லை. நாக்கு பழகி, அந்த வீட்டில் எந்தக் கதவு கிறீச்சிடும் என்று தெரியும் நேரத்தில் பெட்டி கட்ட வேண்டும்.

இதையெல்லாம் போன வாரம் அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னேன். லியோன் மாமிக்குத் தானாகவே ஒரு கடிதம் எழுதி, பதிலும் வந்துவிட்டதாம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தனியாக இருக்கிறாராம், மாமிசம் இல்லாமல் சமைப்பதில் தமக்குச் சிரமமில்லை என்று எழுதியிருக்கிறாராம். கடிதத்தைப் பாட்டிக்குத் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறாள். பாட்டி இப்போது அந்த மாமிக்கு என்ன கொடுத்தனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாராம். பருப்புப்பொடியில் வந்து நிற்கிறது.