தீவா, கரையா, ஆழ்கடலா? முத்துக்குளித்துறையில் துறைநகர இடத்தேர்வு விவாதங்கள் (1560–1979)

ஆய்வுச்சுருக்கம்

தூத்துக்குடிக் கரையில் துறைநகரம் எங்கு அமைய வேண்டும் என்ற கேள்வி நானூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுந்துள்ளது. 1560இல் மன்னாருக்கும் 1604இல் முயல்தீவுக்கும் நிகழ்ந்த குடிப்பெயர்வுகள், 1914இல் கொழும்புப் பயணிகள் வழி தனுஷ்கோடிக்கு மாறியமை, 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டமை ஆகிய நான்கு நிகழ்வுகளை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. ஆட்சியாளரும் சமய நிறுவனங்களும் பொறியாளரும் பாதுகாப்பு, தூரம், ஆழம் என்பவற்றை அளவுகோலாகக் கொண்டனர். கடல்தொழில் மக்கள் நன்னீர், சந்தை, உறவு, வேலை ஆகியவற்றின் அண்மையைக் கருதினர். முதல் மூன்று நிகழ்வுகளிலும் இம்மக்களின் இருப்பு முடிவைத் திருத்தியது அல்லது மட்டுப்படுத்தியது. நான்காவதில் அவர்களது இசைவு தேவைப்படாத நிலை தோன்றியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதன்மைச் சொற்கள்: தூத்துக்குடி, முத்துக்குளித்துறை, பரதவர், முயல்தீவு, தோணி, துறைமுகம், இடத்தேர்வு

1. முன்னுரை

ஒரு நகரம் தன் சந்தையை, பேருந்து நிலையத்தை, பெருமன்றத்தை எங்கு அமைப்பது என்று விவாதிக்கும்போது, அந்நகரம் யாருக்கு உரியது என்ற கேள்வியும் உடன் எழுகிறது. துறைநகரங்களில் இக்கேள்வி துறைமுகத்தை மையமாகக் கொள்கிறது. துறைமுகம் நகர்ந்தால் கிடங்கும் வேலையும் தெருவும் உடன் நகரும்.

தாமிரபரணிக் கழிமுகத்தின் துறைநகர வரலாறு இதுவரை பெரும்பாலும் புவியியல் காரணங்களால் விளக்கப்பட்டு வந்துள்ளது. பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூலும் தாலமியும் குறிப்பிடும் கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே அமைந்த சிற்றூர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயலும் கடலை விட்டு விலகிவிட்டது. ஆற்று வண்டல் கரையைக் கிழக்கே தள்ளியதால் துறைகள் இடம்பெயர்ந்தன என்று கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் விளக்கினார். கொற்கை வீழ்ந்து காயல் எழுந்ததற்கு இவ்விளக்கம் பொருந்தும்.

ஆனால் தூத்துக்குடிக்கு இது போதாது. தூத்துக்குடி ஆற்றுமுகத்தில் அமைந்த ஊரன்று. அதன் உட்கடல் ஆழம் குறைந்தது. பெருங்கப்பல்கள் கரையை அணுக முடியாத ஓரிடம் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தென்கரையின் தலைமைத் துறையாக எவ்வாறு நீடித்தது? இதற்கான விடையை இடத்தேர்வு குறித்து எழுந்த முரண்பாடுகளில் தேட வேண்டியுள்ளது.

2. மன்னார்: கடலுக்கு அப்பால் ஒரு மாற்று (1560)

1535 முதல் 1537 வரை பரதவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியபின், தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் போர்ச்சுகீசியரின் தலைமையிடமாயிற்று. தமிழ் அச்சு வரலாற்றில் முதன்மை இடம்பெறும் அண்டிரிக் அடிகளார் பணியாற்றியதும் இவ்வூரிலேயாகும். முத்துக்குளிப்பின் வருவாய் மீது போர்ச்சுகீசியரும் உள்நாட்டு ஆட்சியாளரும் ஒருங்கே உரிமை கோரினர். இதனால் புன்னைக்காயல் 1553இலும் 1560ஐ ஒட்டியும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று.

1560இல் போர்ச்சுகீசிய அரசப் பிரதிநிதி கான்ஸ்டன்டினோ டி பிரகான்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்தபின் மன்னார்த் தீவைக் கைப்பற்றிக் கோட்டை எழுப்பினார். முத்துக்குளித்துறையின் தளபதி பதவி அங்கு மாற்றப்பட்டது. புன்னைக்காயல் பரதவருள் ஒரு பகுதியினரும் அங்குக் குடியமர்த்தப்பட்டனர். போர்ச்சுகீசியர் நோக்கில் இது தெளிவான தீர்வு. சுற்றிலும் கடல் சூழ்ந்த மன்னாரை நாயக்கரின் குதிரைப்படை அணுக முடியாது. முத்துப் பார்களும் அருகிலேயே இருந்தன.

எனினும் மன்னார் முத்துக்குளித்துறைக்கு மாற்றாக அமையவில்லை. குடியேறியோருள் பலர் நாளடைவில் தாயகக் கரைக்குத் திரும்பினர். முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடைபெறும் தொழிலன்று. பார்களில் சிப்பி முதிர்ந்த ஆண்டுகளில் சில வாரங்கள் மட்டுமே நடைபெறும். ஏனைய காலங்களில் மீன்பிடிப்பும் சங்குகுளிப்பும் கரையோர வணிகமும் பரதவரின் வாழ்வாதாரங்களாயிருந்தன. அவ்வணிகத்திற்கு வேண்டிய நெல்லும் துணியும் பாண்டிநாட்டு உள்நிலத்திலிருந்து வந்தன. கோட்டைக்கு ஏற்ற இடம் குடும்பத்திற்கு ஏற்ற இடமாக அமையவில்லை எனலாம்.

3. முயல்தீவு: கண்ணெதிரே ஒரு மாற்று (1604–1610)

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூத்துக்குடி முன்னணிக்கு வந்தது. 1582இல் அங்கு மாதா ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. 1603இல் நாயக்கர் படையினர் ஊரைச் சூறையாடியதைத் தொடர்ந்து, 1604இல் இயேசு சபையாரும் பரதவர் தலைவரும் மக்களை எதிரேயுள்ள தீவிற்கு இட்டுச்சென்றனர். போர்ச்சுகீசியர் மூவரசர் பெயரால் வழங்கிய அத்தீவு இன்று முயல்தீவு எனப்படுகிறது. மாதாவின் திருவுருவமும் தீவிற்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பது தூத்துக்குடி மரபு. அங்கு ஆலயமும் குடியிருப்புகளும் எழுந்தன.

மன்னார்த் திட்டத்தின் குறையை இத்தேர்வு ஓரளவு நீக்கியது. தாயகக் கரை கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே இருந்தது. பகலில் கரைக்குச் சென்று திரும்பவும் இயலும். ஆயினும் தீவுக் குடியிருப்பு சில ஆண்டுகளே நீடித்தது. 1610ஐ ஒட்டி மக்கள் கரைக்குத் திரும்பினர்.

இத்திரும்புதலுக்கு ஒரே காரணம் கூறுவது பொருந்தாது. இயேசு சபையாருக்கும் கொச்சி ஆயருக்கும் இடையே நிலவிய அதிகாரப் பூசல் ஒன்று. தீவிலுள்ள மக்கள் யாருடைய ஞான அதிகாரத்திற்கு உட்பட்டவர் என்ற வினா அப்பூசலைக் கூர்மையாக்கியது. நாயக்கரின் நலன் மற்றொன்று. குடிகளற்ற துறையில் வரி இல்லை. ஆதலால் ஊரைச் சூறையாடிய ஆட்சிக்கே ஊர்மக்கள் திரும்புவதும் தேவையாயிற்று. தீவு வாழ்வின் அருமை மூன்றாவது காரணம். அரிசியும் விறகும் துணியும் கரையிலிருந்தே வர வேண்டிய நிலையில், தீவின் பாதுகாப்பே அதன் முற்றுகையாகவும் மாறக்கூடும்.

இங்குச் சான்றுகளின் இயல்பைக் கருதுவது இன்றியமையாதது. இந்நிகழ்வை நாம் பெரிதும் இயேசு சபையாரின் மடல்கள் வழியாகவே அறிகிறோம். மக்கள் தம் மேய்ப்பரைப் பின்தொடர்ந்தனர் என்பதே அவற்றின் சட்டகம். பரதவரின் சாதித்தலைவரும் ஊர்ப் பட்டங்கட்டிகளும் தம்முள் விவாதித்தவை அம்மடல்களில் நேரடியாகப் பதிவாகவில்லை. ஆயினும் செயலைக் கருத்தின் சான்றாகக் கொள்ளலாம். சென்றதும் திரும்பியதும் கூட்டாகவே நிகழ்ந்தன. படகும் கடலறிவும் கைவசம் கொண்டிருந்த சமூகத்திற்கு இடம்பெயர்தலே ஒரு பேரம்பேசும் கருவியாயிற்று. அவர்கள் விலகினால் முத்துக்குளிப்பும் இல்லை, சுங்கமும் இல்லை என்பதை எல்லாத் தரப்பினரும் உணர்ந்திருந்தனர்.

4. ஆழமற்ற துறையின் வலிமை

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றியபின் அதுவே இக்கரையில் அவர்களது தலைமையிடமாயிற்று. 1825இல் நகரம் இறுதியாக ஆங்கிலேயர் வசமாயிற்று. 1866இல் நகராட்சியும், 1868இல் சிறுதுறைமுகம் என்ற நிலையும் கிட்டின. 1870களில் வந்த இருப்புப்பாதை பருத்தி விளையும் கரிசல் நிலத்தைத் துறையோடு இணைத்தது. 1888இல் ஹார்வி ஆலை நிறுவப்பட்டது.

இக்காலம் முழுவதும் நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து வெகுதொலைவிலேயே நங்கூரமிட்டன. சரக்கும் பயணிகளும் தோணிகளிலும் சிறு நீராவிப் படகுகளிலும் கொண்டுசெல்லப்பட்டனர். பொறியியல் நோக்கில் இது குறைபாடு. நகரத்தின் நோக்கில் இதுவே பெரும் வேலைவாய்ப்பு. தோணி கட்டும் தச்சர், பாய் தைப்போர், தண்டல்கள், மூட்டை சுமப்போர், கணக்கர் ஆகியோர் கடற்கரைச் சாலையை ஒட்டி வாழ்ந்தனர். பனிமய மாதா ஆலயமும் கிடங்குகளும் தொடர்வண்டி நிலையமும் நடந்து செல்லும் தொலைவிற்குள் அமைந்தன. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியதும், 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் போராட்டம் நகரையே அசைத்ததும் இத்தகைய நெருக்கமான நகர அமைப்பிலேயே நிகழ்ந்தன.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தூத்துக்குடி வழியாகக் கொழும்பு சென்ற பயணிகள் தொடர்வண்டி–கப்பல் இணைப்பு தனுஷ்கோடி–தலைமன்னார் வழிக்கு மாறியது. ஓர் இரவுக் கடற்பயணத்தின் இடத்தைச் சுமார் 35 கிலோமீட்டர் கடல்வழி பிடித்தது. இங்குத் தூரம் அளவுகோலாயிற்று. பயணிகள் வழியை இழந்த தூத்துக்குடி சரக்கை இழக்கவில்லை. பருத்தி, உப்பு, கருவாடு ஆகியவற்றோடு அவற்றை ஏற்றியிறக்கும் தோணித் தொழிலும் இங்கேயே வேரூன்றியிருந்ததே காரணம். குறுகிய வழியெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் அழித்தது.

5. ஆழமே அளவுகோலாதல் (1922–1974)

தூத்துக்குடித் துறைமுக விவாதம் சேதுக் கால்வாய் விவாதத்தோடு பின்னிப் பிணைந்தது. 1860இல் டெய்லர் முன்வைத்த திட்டம் முதல் 1922இல் ராபர்ட் பிரிஸ்டோ அளித்த திட்டம் வரை பல முன்மொழிவுகள் எழுந்தன. விடுதலைக்குப்பின் 1955இல் நடுவண் அரசு ஆ.இராமசாமி முதலியார் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. கால்வாயும் தூத்துக்குடித் துறைமுகமும் ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றை ஒருங்கே நிறைவேற்ற வேண்டும் என்பது அக்குழுவின் நிலைப்பாடு.

நடைமுறையில் இரண்டும் பிரிந்தன. 1960களில் துறைமுகப் பணி தொடங்கியது; கால்வாய்ப் பணி 2005இல்தான் தொடங்கப்பெற்று முற்றுப்பெறாமல் நின்றது. தொடக்கத்தில் ஒன்றையொன்று நியாயப்படுத்திய இரு திட்டங்களுள் ஒன்று மட்டுமே உருப்பெற்றது என்பது இடத்தேர்வை மதிப்பிடுவதில் மறக்கத்தகாத செய்தியாகும்.

புதிய துறைமுகம் பழைய துறையை ஆழப்படுத்தி உருவாக்கப்படவில்லை. நகருக்குத் தென்கிழக்கே, கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் இரு கல் அலைதடுப்புச் சுவர்களால் ஒரு செயற்கைத் துறை படைக்கப்பட்டது. 1604இல் மக்கள் புகலிடமாகக் கொண்ட முயல்தீவை ஒட்டியே அது எழுந்தது. இன்று அத்தீவு நிலத்தோடு இணைந்துவிட்டது. 1974 ஜூலை 11 அன்று இது நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979 ஏப்ரல் 1 அன்று பழைய சிறுதுறைமுகமும் இதனோடு ஒரே நிருவாகத்தின்கீழ் இணைக்கப்பட்டது.

இத்தேர்வின் பொருளாதாரப் பயன் மறுக்கத்தக்கதன்று. கப்பல் நேரே கரைதொட முடிந்தது. ஸ்பிக் உரத்தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் புதிய துறைமுகத்தைச் சார்ந்து வளர்ந்தன. ஆனால் இடைநின்று சரக்கேற்றும் தோணியின் தேவை பெருங்கப்பல் வணிகத்தில் மறைந்தது. துறைமுகமும் நகரமும் முதன்முறையாக வெவ்வேறு இடங்களாயின.

இக்காலத்தில் முத்துக்குளிப்பும் முடிவுக்கு வந்திருந்தது. 1955 முதல் 1961 வரை நடைபெற்ற குளிப்புகளே இக்கரையின் இறுதிப் பெருங்குளிப்புகள். 1973இல் நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். 1604இல் பரதவரின் பேரவலிமைக்கு அடிப்படையாயிருந்த குளிப்புத் திறன், துறைமுகத்தின் இடம் முடிவான காலத்தில் ஆட்சிக்குத் தேவைப்படாத ஒன்றாகியிருந்தது.

6. ஒப்பீடு

நான்கு நிகழ்வுகளையும் ஒருசேர நோக்கினால் ஒரு மாற்றம் புலப்படுகிறது. 1560இலும் 1604இலும் துறை என்பது மக்களே. குளிப்போரும் படகோட்டிகளும் எங்கு வாழ்ந்தனரோ அங்குத் துறை அமைந்தது. அவர்கள் திரும்பியபோது அதுவும் திரும்பியது. 1914இல் இருப்புப்பாதை பயணிகளைத் திசைமாற்றியது. தோணித் தொழிலைப் பெயர்க்க அதனால் இயலவில்லை. 1974இல் கல்லும் தூர்வாரும் எந்திரமும் துறையை மக்களிடமிருந்து பிரித்தன. இடத்தேர்வு ஆழம், சரக்களவு, செலவு என்னும் சொற்களுக்குள் நடைபெற்றது. தோணித் தொழிலாளர் அச்சொற்களுக்குள் செலவினமாக மட்டுமே இடம்பெற முடியும்.

எனினும் பழைய துறை மறையவில்லை. பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் இன்றும் மாலத்தீவு முதலிய இடங்களுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச்செல்கின்றன. பெருந்துறைமுகத்திற்குப் பயன்படாத ஆழமின்மையே தோணிக்குரிய இடத்தைக் காத்துள்ளது.

7. முடிவுரை

துறைநகரத்தின் இடத்தை இயற்கை தீர்மானிக்கிறது என்ற கருத்து கொற்கைக்கும் காயலுக்கும் பொருந்துமளவு தூத்துக்குடிக்குப் பொருந்தவில்லை. தூத்துக்குடியின் நிலைபேற்றிற்கு அங்கு வாழ்ந்தோர் வேறிடம் செல்ல மறுத்ததும், சென்றபின் திரும்பியதும் அடிப்படைக் காரணங்களாகும். இதனை அறிவது பழமையைப் போற்றுவதற்காக மட்டுமன்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் சரக்குப் பெட்டக மாற்றுமுனையம் அமைக்க 2016இல் இனயம் தேர்ந்தெடுக்கப்பட்டபோது கடலோர மக்கள் எதிர்த்தனர். பின்னர்க் கோவளம்–கீழமணக்குடிப் பகுதி முன்மொழியப்பட்டபோதும் எதிர்ப்பு தொடர்ந்தது. அவ்வெதிர்ப்பை வளர்ச்சி குறித்த அறியாமை எனக் கொள்வோர், முத்துக்குளித்துறை மக்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே இடத்தேர்வில் ஒரு தரப்பினராக இருந்ததைக் கருத வேண்டும். கடலின் ஆழத்தை அளக்கும் குழுக்கள் கரையிலுள்ளோரின் வாழ்விற்குத் துறை எத்துணை அண்மையில் இருக்க வேண்டும் என்பதையும் அளக்கும்போதே இடத்தேர்வு முழுமை பெறும்.