டெக்சஸ் பனிப்புயல், 2021

2021 பிப்ரவரி நடுவில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தை முடக்கிய கடுங்குளிர்ப் பேரிடர். வெயிலுக்குப் பேர்போன டாலஸ் நகரில் பிப்ரவரி 16 அன்று வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது.

குளிருக்கென வடிவமைக்கப்படாத மின்நிலையங்களில் கருவிகள் உறைந்தன. எரிவாயு வரத்து குறைந்தது. காற்றாலை இறகுகளில் பனிக்கட்டி படிந்தது. வீட்டு ஹீட்டர்களால் மின்தேவையோ எகிறியது. மாநில மின்கட்டமைப்பு பெரும்பாலும் தனித்தே இயங்குவதால், அண்டை மாநிலங்களிடம் போதிய மின்சாரம் பெறவும் வழியில்லை. பிப்ரவரி 15 அதிகாலை, கட்டமைப்பு முழுதும் சரிய 4 நிமிடம் 37 விநாடியே எஞ்சியிருந்தபோது, பெரும் மின்வெட்டு அதைக் காப்பாற்றியது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன.

வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. கதகதப்புக்காக மூடிய இடத்தில் கரி அடுப்பு மூட்டியவர்களையும் காரை ஓடவிட்டவர்களையும் கார்பன் மோனாக்சைடு நச்சு தாக்கியது. அரசுக் கணக்கின்படி 246 பேர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது குளிரே.

2011-இலும் இங்கே இப்படி மின்வெட்டு நேர்ந்தது. அப்போதைய பரிந்துரைகள் கட்டாயமாக்கப்படவில்லை. 2021 ஜூனில் வந்த சட்டம் மின்நிலையங்களுக்குக் குளிர்காப்பைக் கட்டாயமாக்கியது. வீடுகளுக்கான அறிவுரைகள் எளியவை: குழாய்களுக்கு உறையிடுவது, தண்ணீரைச் சொட்டவிடுவது, எல்லோரும் ஒரே அறையில் தங்குவது, ஜெனரேட்டரை வெளியே தள்ளி வைப்பது.