ராமன் பெயர் கொண்ட வாலில்லாக் குரங்கு

தொண்ணூறுகளில் அப்புத்தளையிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், ஞாயிறு இதழொன்றுக்கு மனிதத் தோற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். சிவாலிக் மலைகளில் கிடைத்த 'ராமபிதேகஸ்' மனிதனின் மூதாதை. ஆகவே மனிதகுலத்தின் தொட்டில் நம் பக்கம்தான் என்பது அதன் சாரம். கலைப்பட்டதாரியான எனக்கு ஒரு பழைய பாடநூலே ஆதாரம்.

அடுத்த வாரம் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடமிருந்து தபாலட்டை வந்தது. "தம்பி, உமது ராமபிதேகஸை விஞ்ஞானிகள் கைவிட்டுப் பத்து வருடத்துக்கு மேலாகிறது."

முதலில் கோபந்தான் வந்தது. பிறகு தேடிப் படித்தேன்.

1932இல் லூயிஸ் என்ற அமெரிக்க மாணவர் கண்டெடுத்தது ஒரு தாடைத் துண்டும் சில பற்களுமே. அறுபதுகளில் சைமன்ஸ், பில்பீம் ஆகியோர் அதை மனித வழியில் சேர்த்தனர். அப்படியானால் நாம் வாலில்லாக் குரங்குகளிடமிருந்து பிரிந்து ஒரு கோடியே நாற்பது இலட்சம் ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும்.

1967இல் பேர்க்லியில் சாரிச், வில்சன் இருவரும் எலும்பைத் தொடவில்லை, இரத்தத்தைப் பார்த்தனர். அல்புமின் என்னும் புரதம் ஏறத்தாழச் சீரான வேகத்தில் மாறுகிறது. வாலுள்ள குரங்குகள் பிரிந்து மூன்று கோடி ஆண்டுகள் என்று கொண்டால், மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் இடையிலான வேறுபாடு அதில் ஆறில் ஒரு பங்களவே. அதாவது ஐம்பது இலட்சம் ஆண்டுகள். எலும்பாய்வாளர் பலர் இதை ஏற்க மறுத்தனர். ஆனால் பாகிஸ்தானில் பில்பீமின் குழுவே கண்டெடுத்த சிவபிதேகஸின் முகம் ஒராங்குட்டானை ஒத்திருந்தது. ராமபிதேகஸும் அந்த இனத்தோடு சேர்ந்தது. தாம் தூக்கிப்பிடித்ததை 1982இல் பில்பீம் தாமே இறக்கிவைத்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

(1881இல் இலங்கைக்கு வந்த ஹெக்கலும் மனிதன் பிறந்த இடம் லெமூரியா என்றே நம்பியிருந்தார். ஆபிரிக்கா என்று 1871இலேயே ஊகித்தவர் டார்வின்.)

பிரிவும் ஒரே நாளில் நிகழ்ந்ததல்ல. பரம்பரையலகுத் தொகுதியின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வயதைக் காட்டுகிறது. எக்ஸ் நிறமூர்த்தம் எல்லாவற்றிலும் இளையது. பிரிந்த இரு கூட்டங்களும் மீண்டும் கலந்து, 63 இலட்சம் ஆண்டுகளுக்குள் இறுதியாகப் பிரிந்தன என்று 2006இல் பற்றர்சன், ரைக் குழுவினர் எழுதினர். மூதாதைக் கூட்டம் பெரிதாயிருந்தாலே வயதுகள் இவ்வாறு வேறுபடும், கலப்பு தேவையில்லை என்று மற்றவர்கள் மறுத்தனர். எனக்கும் இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது.

அன்று எட்டு வரியில் திருத்தம் எழுதி அனுப்பினேன், அச்சேறவில்லை. அந்த ஆசிரியரும் மாற்றலாகிப் போய்விட்டார். எனவே, கால் நூற்றாண்டுக்கு மேல் தாமதமாக, அதை இங்கே இடுகிறேன்.