விசை இழுக்கப்படாமலே வெடித்ததா? அமெரிக்கக் கைத்துப்பாக்கி சர்ச்சையும் நாம் கேட்கவேண்டிய கேள்விகளும்

"துப்பாக்கி தவறுதலாக இயங்கியது" என்ற வாக்கியம் வடக்கு கிழக்கில் வாழ்ந்த எவருக்கும் புதிதல்ல. பொலிஸாரின் அல்லது படையினரின் ஆயுதத்தால் ஒருவர் காயப்படும்போதோ கொல்லப்படும்போதோ வெளிவரும் முதல் விளக்கங்களில் அதுவும் ஒன்று. கேட்ட மாத்திரத்திலேயே அதைப் பொய்யென்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்குவதற்கான காரணங்களை எமக்குத் தந்தது எமது அனுபவமே.

கடந்த சில ஆண்டுகளாக இதே வாக்கியத்தை ஐக்கிய அமெரிக்காவில் வேறு தரப்பினர் சொல்லி வருகின்றனர். அங்கே இதைச் சொல்வோரில் பலர் தமது சொந்தக் கைத்துப்பாக்கியால் காலிலும் இடுப்பிலும் காயப்பட்ட பொலிஸ் உத்தியோகத்தர்கள். விசையை நாங்கள் தொடவே இல்லை, துப்பாக்கி உறைக்குள் இருந்தபடியே வெடித்தது என்கிறார்கள். துப்பாக்கியைத் தயாரித்த நிறுவனமோ அப்படி நடக்கவே முடியாது என்கிறது.

பொலிஸ் சூட்டுச் சம்பவங்கள் பற்றி எழுதும் ஒரு சுயாதீன ஊடகவியலாளராக நான் இந்த விவகாரத்தைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஒரு துப்பாக்கி தானாக வெடிக்குமா என்ற கேள்விக்கு நம்பிக்கையாலோ சந்தேகத்தாலோ அன்றி, சான்றுகளால் பதில் தேடுவது எப்படி என்பதை இதில் பார்க்க முடிகிறது.

எந்தத் துப்பாக்கி?

சர்ச்சைக்குரிய ஆயுதம் சிக் சவர் நிறுவனத்தின் பி320. 2014இல் சந்தைக்கு வந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்க இராணுவம், மூன்று தசாப்தங்களாகப் பாவித்துவந்த பெரெட்டா எம்9 கைத்துப்பாக்கிக்குப் பதிலாக இதைத் தெரிவுசெய்தது. ஒப்பந்தத்தின் உச்சப் பெறுமதி 580 மில்லியன் டொலர். இராணுவத்துக்கென மாற்றப்பட்ட இரு வடிவங்கள் எம்17, எம்18 என்று பெயர் பெற்றன. நாடெங்கிலும் பல பொலிஸ் திணைக்களங்களும் பி320ஐ வாங்கின.

இது இயங்கும் விதத்தை எலிப்பொறியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பொறியின் கம்பியை இழுத்து ஒரு கொளுக்கியில் மாட்டிவைக்கிறோம். கொளுக்கி விலகினால் கம்பி பாயும். துப்பாக்கிக்குள் கம்பியின் இடத்தில் ஒரு அடியூசி இருக்கிறது. அதைச் சுருள்வில் முன்னோக்கித் தள்ள, கொளுக்கி பிடித்து வைத்திருக்கிறது. விசையை இழுத்தால் கொளுக்கி விலகும், ஊசி பாய்ந்து ரவையின் அடியைத் தாக்கும்.

பொலிஸார் பரவலாகப் பாவிக்கும் க்ளொக் துப்பாக்கியில் ஊசி பாதியளவே இழுபட்டிருக்கும். மீதி இழுப்பை விசையில் வைக்கும் விரல்தான் செய்யவேண்டும். பி320இலோ, ரவை ஏற்றப்பட்டவுடனேயே ஊசி ஏறக்குறைய முழுமையாக இழுபட்டு நிற்கிறது. இதனால் மட்டும் அது ஆபத்தானதாகிவிடாது. விசை இழுபடாதவரை ஊசியை மறித்து நிற்கும் உள் பாதுகாப்புப் பூட்டு ஒன்றும் அதற்குள் உண்டு. ஆகவே விசை அசையாமல் வெடிக்கவேண்டுமானால் கொளுக்கியும் நழுவவேண்டும், பூட்டும் தவறவேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்குமா என்பதே சர்ச்சையின் மையம்.

2017: கீழே விழுந்தபோது வெடித்தது

முதலில் நிரூபிக்கப்பட்ட குறைபாடு வேறு. 2017 ஓகஸ்டில், பி320 குறிப்பிட்ட ஒரு கோணத்தில் பின்பக்கம் தரையில் பட விழுந்தால் வெடிக்கிறது என்பதைச் சோதனைக் காணொளிகள் காட்டின. டலஸ் நகரப் பொலிஸ் திணைக்களம் அதன் பாவனையை இடைநிறுத்தியது.

காரணம் எளிமையானது. வேகமாகப் போகும் பஸ் சடுதியாக நின்றால் பயணிகள் முன்னே தள்ளப்படுகிறார்கள். அதுபோல, பின்புறமாக விழுந்த துப்பாக்கி தரையில் மோதி நின்றபோதும் அதன் பாரமான விசை தன் பாட்டில் பின்னோக்கி அசைந்தது. விரல் இழுத்தது போன்ற விளைவையே அது தந்தது.

இதே குறைபாட்டை இராணுவம் அதே ஆண்டின் முற்பகுதியில் தனது சோதனைகளில் கண்டிருந்தது. இராணுவத்துக்கான துப்பாக்கிகளில் விசை இலகுவாக்கப்பட்டது. பொதுச் சந்தையிலும் பொலிஸாரிடமும் இருந்த துப்பாக்கிகளுக்கான திருத்தம், விடயம் பகிரங்கமான பின்னரே அறிவிக்கப்பட்டது. அதையும் நிறுவனம் "மீளப்பெறல்" என்று அழைக்கவில்லை. உரிமையாளர் விரும்பினால் அனுப்பி மாற்றிக்கொள்ளக்கூடிய மேம்படுத்தல் என்றே சொன்னது.

உறைக்குள் இருந்தபடி வெடித்ததா?

திருத்தத்துக்குப் பின்னரும் முறைப்பாடுகள் நிற்கவில்லை. பி320 விசையை இழுக்காமலே வெடித்ததாக 100க்கும் அதிகமானோர் கூறியுள்ளதாகவும், அவர்களில் குறைந்தது 80 பேர் காயமடைந்ததாகவும் வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும் த ட்ரேஸ் இணையத்தளமும் 2023 ஏப்ரலில் வெளியிட்ட கூட்டுப் புலனாய்வு தெரிவித்தது.

நிறுவனத்தின் மறுப்பு உறுதியானது. விரல், உடையின் ஓரம், உறைக்குள் புகுந்த ஏதோவொரு பொருள், பொருந்தாத உறை என ஏதாவது ஒன்று விசையை அசைத்திருக்க வேண்டும் என்பது அதன் வாதம். பல வழக்குகளில் நிறுவனமே வென்றுமிருக்கிறது.

2024இல் நிலைமை சற்று மாறியது. ஜூனில் ஜோர்ஜியாவில் ஒரு ஜூரி சபை 2.35 மில்லியன் டொலரும், நவம்பரில் பிலடெல்பியாவில் இன்னொரு ஜூரி சபை 11 மில்லியன் டொலரும் காயப்பட்டவர்களுக்கு நட்டஈடாக வழங்கத் தீர்மானித்தன. இரண்டையும் நிறுவனம் ஏற்கவில்லை.

ஒன்றைக் கவனமாக வாசிக்க வேண்டும். "துப்பாக்கி பேய்போலத் தானாக வெடித்தது" என்று இந்த ஜூரிகள் சொல்லிவிடவில்லை. இவ்வழக்குகளில் முன்வைக்கப்பட்ட பிரதான வாதம், பல போட்டித் துப்பாக்கிகளின் விசையில் இருக்கும் சிறு பாதுகாப்பு நாக்கு இதில் இல்லை, ஆகவே தெரியாமல் ஏதாவது பட்டாலும் விசை அசைந்துவிடும், இது வடிவமைப்புக் குறைபாடு என்பதாகும். "விசை அசையாமலே வெடித்ததா" என்பது ஒரு கேள்வி. "விசை இவ்வளவு இலகுவாக அசைய விடலாமா" என்பது வேறொரு கேள்வி. செய்திகளில் இவ்விரண்டும் அடிக்கடி கலந்துபோகின்றன.

முதல் கேள்விக்கு மிக நெருங்கிவந்தது எஃப்.பி.ஐ.யின் ஆய்வுகூடம். மிச்சிகன் மாநிலப் பொலிஸார் ஒப்படைத்த ஓர் எம்18ஐ அது 2024இல் பரிசோதித்தது. பொலிஸார் ஒருவரின் வழமையான அசைவுகளின்போது கொளுக்கியின் பிடி நழுவி, உள்பூட்டும் செயலிழக்கும் சாத்தியம் இருக்கலாம் என்று அதன் அறிக்கை கூறியது. பின்னர் நடந்த சோதனைகளில் அது மீண்டும் நிகழவில்லை என்று நிறுவனம் பதில் சொல்கிறது. 2025இல் அமெரிக்கக் குடிவரவு அமுலாக்கப் பிரிவான ஐ.சி.ஈ. உட்படச் சில அமைப்புகள் பி320ஐத் தடைசெய்தன.

வயோமிங்: கதை தலைகீழானது

2025 ஜூலை 20ஆம் திகதி வயோமிங் மாநிலத்தின் வாரன் விமானப்படைத் தளத்தில் வீரர் ஒருவர் எம்18 துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். துப்பாக்கி தானாக வெடித்ததாகவே முதலில் சொல்லப்பட்டது. விமானப்படையின் குளோபல் ஸ்ட்ரைக் கட்டளையகம் உடனடியாக எம்18இன் பாவனையை இடைநிறுத்தியது. பி320க்கு எதிரானவர்களுக்கு இது இறுதிச் சான்றாகவே தெரிந்தது.

விசாரணை வேறு பக்கம் திரும்பியது. சக வீரர் ஒருவர் கைதானார். அவர் விளையாட்டாகத் துப்பாக்கியை நீட்டியதாகவும், நடந்ததை மறைக்கும்படி மற்றவர்களிடம் சொன்னதாகவும் விமானப்படை பின்னர் தெரிவித்தது. பொய் வாக்குமூலம் அளித்ததை வேறு இரு வீரர்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டனர். கைதானவர் வழக்கு முடிவதற்கு முன்னரே இறந்துவிட்டார்.

அக்காலத்தில் கட்டளையகம் தன்னிடமிருந்த 7,970 துப்பாக்கிகளைப் பரிசோதித்தது. அவற்றுள் 191இல் பாகத் தேய்மானம் போன்ற குறைகள் காணப்பட்டுத் திருத்தத்துக்கு அனுப்பப்பட்டன. ஓகஸ்ட் இறுதியில் மீண்டும் பாவனை தொடங்கியது.

ஒரு துப்பாக்கியில் உண்மையான குறைபாடு இருக்கக்கூடும். அந்தக் குறைபாடு பற்றிய பேச்சு, ஒரு மனிதரின் குற்றத்துக்கு வசதியான மறைப்பாகவும் ஆகக்கூடும். ஒன்று உண்மை என்பதால் மற்றையது பொய்யாகிவிடுவதில்லை.

யார் கட்டாயப்படுத்துவது?

அமெரிக்காவில் குறைபாடுள்ள பிள்ளைத் தொட்டிலையோ மின்னடுப்பையோ சந்தையிலிருந்து அகற்றுவதற்கு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு நடவடிக்கை எடுக்கலாம். 1972இல் அந்த ஆணைக்குழுவை உருவாக்கிய சட்டத்திலேயே துப்பாக்கிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. ஆகவே மிஞ்சியிருப்பது நீதிமன்றமே. அந்த வழியும் ஒடுங்கி வருகிறது. நிறுவனத்தின் தலைமையகம் அமைந்துள்ள நியூ ஹம்ஷயர் மாநிலம், சில பாதுகாப்பு அம்சங்கள் துப்பாக்கியில் இல்லை என்ற அடிப்படையில் தயாரிப்பாளர்மீது வழக்குத் தொடுப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2025 மே மாதத்தில் நிறைவேற்றியது.

நாம் கேட்கவேண்டியவை

2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் உயிரிழந்தபோது முதலில் சொல்லப்பட்டது மோட்டார் சைக்கிள் விபத்து என்பதே. சூட்டுக் காயம் வெளிவந்த பின்னரே பொலிஸ் உத்தியோகத்தர்கள் ஐவர் கைதாகினர். 2024 ஜனவரியில் நாரம்மலவில் லொறிச் சாரதி ஒருவர் சிவில் உடையிலிருந்த பொலிஸ் உத்தியோகத்தரின் துப்பாக்கியால் கொல்லப்பட்டபோது, அது தவறுதலாக இயங்கியதாகப் பொலிஸ் தரப்பு கூறியது. முதல் விளக்கம் முடிவான விளக்கமல்ல என்பதை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதற்குப் பிறகு என்ன கேட்பது என்பதே எமக்குத் தேவை.

முதலாவது, ஆயுதம் எது? அதன் வகையும் தொடர் இலக்கமும் பதிவாகியிருக்க வேண்டும். பி320 பற்றிய சந்தேகத்தை ரி-56 துப்பாக்கிக்குப் பொருத்த முடியாது. ஒவ்வொன்றுக்கும் இயங்குமுறை வேறு.

இரண்டாவது, சம்பவத்துக்குப் பின் அது யார் கையில் இருந்தது? கழற்றித் துடைக்கப்பட்ட துப்பாக்கியைப் பரிசோதிப்பதில் பயன் குறைவு. உறையும் பட்டியும் சேர்த்தே முத்திரையிடப்பட வேண்டும். வெற்றுக் கோது துப்பாக்கிக்குள் இருந்ததா, வெளியே கிடந்ததா என்பதும் பதிவாக வேண்டும்.

மூன்றாவது, காயம் எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து? இடுப்பு உறையில் இருக்கும் துப்பாக்கியின் வாய் நிலத்தையே நோக்கும். காயம் நெஞ்சிலோ தலையிலோ இருந்தால், துப்பாக்கி அப்போது எங்கே இருந்தது என்பதற்கு விளக்கம் வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் இதைத் தேடுங்கள்.

நான்காவது, பரிசோதித்தவர் யார்? ஆயுதத்தை வைத்திருந்த திணைக்களமே தன் ஆயுதத்துக்குச் சான்றிதழ் தருவது போதாது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையை நீதவான் ஊடாகக் கோருமாறு குடும்பத்தினர் தமது சட்டத்தரணி மூலம் கேட்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறைப்பாடு செய்யலாம்.

ஐந்தாவது, அதே வகை ஆயுதத்தால் முன்னர் இப்படி நடந்திருக்கிறதா? நடந்திருந்தால், அதை ஏன் தொடர்ந்தும் மக்கள் நடுவே கொண்டு திரிகிறார்கள்? நடக்கவில்லையென்றால், இந்த ஒருமுறை மட்டும் எப்படி நடந்தது? இதில் எந்தப் பதில் வந்தாலும் யாரோ ஒருவர் பொறுப்புச் சொல்லவேண்டி வரும்.

அமெரிக்கப் பொலிஸ்காரர் ஒருவருக்குத் தன் கால் காயத்தைப் பற்றிக் கேள்வி கேட்க சட்டத்தரணிகளும் நிபுணர்களும் ஆண்டுக்கணக்கான அவகாசமும் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் உண்மை இன்னும் முழுதாக வெளிவரவில்லை. எமது கிராமத்துக் குடும்பம் ஒன்றுக்குப் பெரும்பாலும் கிடைப்பது சம்பவத்துக்குப் பிந்திய முதல் சில நாட்கள் மாத்திரமே. அந்த நாட்களில் ஆயுதம் முத்திரையிடப்பட்டதா என்று கேட்டு, கிடைத்த பதிலைத் திகதியிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.