எந்த ஊரு, எந்தத் தெரு: பிரவுசர் சொல்லும் அடையாளத்தின் கதை

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த உரையாடல் மனப்பாடமாகவே தெரியும். வீட்டுக்காரர் சாதியைக் கேட்கவே மாட்டார். "சொந்த ஊர் எது?" என்பார். மாவட்டத்தைச் சொன்னால் தாலுகா, தாலுகாவைச் சொன்னால் கிராமம். "அங்க எந்தத் தெரு?" "அப்பா என்ன பண்றார்?" "குலதெய்வம் எங்க இருக்கு?" ஒவ்வொரு கேள்வியும் தனியாகப் பார்த்தால் சாதாரண விசாரிப்புதான். நாலாவது பதிலுக்குள் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். இரண்டு நாள் கழித்து, "சொந்தக்காரங்களே வர்றதாச் சொல்லிட்டாங்க" என்று போன் வரும்.

இணையத்தில் நம்மை அடையாளம் காணும் ஒரு முறை இதே வழியில்தான் வேலை செய்கிறது. நம் மாலை வகுப்புக்கு வரும் மாணவர்களில் சிலர் புனைபெயரில் எழுதுகிறார்கள். ஏன் என்று விளக்கத் தேவையில்லை. ஆணவக் கொலையைப் பற்றி ஒரு வரி எழுதினாலே வீட்டு முகவரியைத் தேடி வருகிற காலம் இது. "இன்காக்னிட்டோவுலதான் எழுதுறேன், ஹிஸ்டரி எல்லாம் அழிச்சிட்டேன், இனி யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுல்ல?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. முப்பது வருடக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கும்போது, பக்கம் வந்து சேர்வதற்கு முன்பே நம் பிரவுசர் அந்தத் தளத்தின் சர்வருக்குத் தன்னைப் பற்றி ஒரு வரி அனுப்புகிறது. 'யூசர் ஏஜென்ட்' என்று அதற்குப் பெயர். ஆண்ட்ராய்டு போனில் உள்ள குரோம் அனுப்பும் வரி ஏறத்தாழ இப்படி இருக்கும்: "மொசில்லா/5.0 (லினக்ஸ், ஆண்ட்ராய்டு 10, கே) ஆப்பிள்வெப்கிட்/537.36 (கேஹெச்டிஎம்எல், லைக் கெக்கோ) குரோம்/120.0.0.0 மொபைல் சஃபாரி/537.36". பேசுவது கூகுளின் குரோம். ஆனால் முதலில் மொசில்லா என்கிறது, பிறகு ஆப்பிள் என்கிறது, கெக்கோ மாதிரி என்கிறது, கடைசியில் சஃபாரி என்கிறது. தன் பெயரை நடுவில் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறது. ஏன் இத்தனை பொய்?

தொடக்கத்தில் இந்த வரிக்கு ஒளிவுமறைவு எதுவும் இல்லை. 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணம் இதற்கு மூன்று காரணங்களைச் சொல்கிறது: கணக்கெடுப்பு, விதிமீறல் எங்கே நடக்கிறது என்று தேடுவது, ஒரு பிரவுசரால் செய்ய முடியாததை அதன் தலையில் கட்டாமல் அதற்கேற்பப் பதில் தருவது. மூன்றாவது காரணம் நல்லெண்ணத்தில் எழுதியதுதான். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக், படங்களோடு கூடிய வலைப்பக்கத்தைப் பரவலாக்கிய பிரவுசர். அடுத்த வருடம் அதை உருவாக்கியவர்களில் சிலர் வெளியேறி நெட்ஸ்கேப்பைத் தொடங்கினார்கள். மொசைக்கைத் தீர்த்துக்கட்ட வந்தது என்ற பொருளில் உள்ளுக்குள் அதற்கு 'மொசில்லா' என்று பட்டப்பெயர். யூசர் ஏஜென்ட் வரியிலும் அதே பெயர். பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் 'ஃபிரேம்' வசதி நெட்ஸ்கேப்பில் வந்தபோது தளம் நடத்தியவர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்: வருகிறவரின் வரியில் மொசில்லா என்று இருந்தால் நல்ல பக்கம், இல்லாவிட்டால் மட்டமான பக்கம். "உன்னால் இதைக் காட்ட முடியுமா?" என்று கேட்டிருக்கலாம். அவர்கள் கேட்டது, "நீ யார்?"

1995இல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2 வந்தது. உண்மைப் பெயரைச் சொன்னால் மட்டமான பக்கம்தான் கிடைக்கும். அதனால் "மொசில்லா/1.22" என்று சொல்லிவிட்டு அடைப்புக்குறிக்குள் தன் பெயரை எழுதிக்கொண்டது. அன்றிலிருந்து இன்றுவரை உலகத்தில் உள்ள பெரிய பிரவுசர்கள் எல்லாமே வாசலில் மொசில்லா என்று சொல்லித்தான் உள்ளே போகின்றன.

வேடம் போட்டு நுழைந்தவர் வீட்டுக்காரர் ஆனதும் என்ன செய்தார் என்பதுதான் நமக்குப் பழகிய கதை. 2001 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்என் தளம் புதுப்பிக்கப்பட்டபோது, நார்வே நிறுவனத்தின் ஓபரா முதலான பிரவுசர்களில் வந்தவர்களை உள்ளே விடவில்லை. கண்டனம் கிளம்பியதும் சில நாட்களில் தடை விலகியது. 2003 பிப்ரவரியில் வேறு மாதிரி நடந்தது. ஓபராவில் எம்எஸ்என் பக்கத்தைத் திறந்தால் எழுத்துகள் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு உடைந்து தெரிந்தன. பார்க்கிறவர் ஓபராவைத்தான் திட்டுவார். ஓபராவின் தொழில்நுட்பத் தலைவர் ஹோகோன் வியூம் லீ தோண்டிப் பார்த்தார். பக்கத்தின் தோற்றத்தை நிர்ணயிக்கும் கோப்பு ஓபராவுக்கு மட்டும் தனியாக வந்துகொண்டிருந்தது. அதில் பட்டியல்களை 30 பிக்சல் இடப்பக்கம் தள்ளச் சொல்லும் ஒரு கட்டளை இருந்தது. அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வரியில் 'ஓபரா' என்ற பெயரை 'ஓப்ரா' என்று எழுத்து மாற்றி அனுப்பினார்கள். உள்ளே இருப்பது அதே பிரவுசர், பெயர் மட்டும் வேறு. நல்ல கோப்பு வந்தது, பக்கமும் ஒழுங்காகத் தெரிந்தது. (பதிலுக்கு ஓபரா, எம்எஸ்என் தளத்தை மட்டும் உளறலாக மாற்றிக் காட்டும் ஒரு கேலிப் பதிப்பையே வெளியிட்டது.)

இதைப் படிக்கும்போது நமக்கு இன்னொரு ஆய்வு நினைவுக்கு வருகிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் எழுதினார்கள். தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்குச் சமமான தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். மொத்தம் 4,808 விண்ணப்பங்கள். தலித் என்று தெரியும் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்க சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. பிரவுசருக்கு அவமானம் தெரியாது, அதன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. ஆனால் வாசலில் நின்று பெயர் கேட்கிற ஏற்பாடு எங்கே இருந்தாலும், பெயரை மறைக்கிற அவசியமும் கூடவே வந்துவிடுகிறது.

மற்ற கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். லினக்ஸ் தன்னார்வலர்களின் கான்கரர், தன் கேஹெச்டிஎம்எல் இயந்திரம் மொசில்லாவின் கெக்கோ "மாதிரி" என்று எழுதிக்கொண்டது. 2003இல் ஆப்பிள் அந்த இயந்திரத்தை எடுத்து சஃபாரியைக் கட்டியபோது அந்த "மாதிரி"யும் ஒட்டிக்கொண்டு வந்தது. 2008இல் குரோம், சஃபாரிக்குக் கிடைப்பது தனக்கும் கிடைக்க வேண்டும் என்று அவ்வளவையும் தோளில் தூக்கிக்கொண்டது. 2019 டிசம்பரில் விவால்டி என்ற சிறிய பிரவுசர், உண்மைப் பெயரைச் சொன்னால் பல தளங்கள் மறுக்கின்றன என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டு, வரியிலிருந்து தன் பெயரையே எடுத்துவிட்டது.

இதுவரை பிரவுசரின் அடையாளம். நம் அடையாளத்துக்கு இது எப்படி வந்தது?

வாசலைக் கடப்பதற்காகச் சேர்த்த விவரங்கள் வரியில் குவிந்துகொண்டே போயின: பதிப்பு எண், இயங்குதளம், ஆண்ட்ராய்டில் போனின் மாடல் வரை. இதனோடு திரையின் அளவு, நேர மண்டலம், மொழி, கணினியில் உள்ள எழுத்துருக்கள் எல்லாவற்றையும் பிரவுசரிடம் கேட்டு வாங்க முடியும். 2010இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த பீட்டர் எக்கர்ஸ்லி, பனாப்டிகிளிக் என்ற சோதனைத் தளத்துக்குத் தாமாக வந்த 4,70,161 பிரவுசர்களின் விவரங்களை ஆராய்ந்தார். அவற்றில் 83.6 சதவீதம், வேறு எதனோடும் பொருந்தாமல் தனித்து நின்றன. பெயர் கேட்கவில்லை, அடையாளம் காணக் குக்கியும் தேவைப்படவில்லை. ஊர், தெரு, குலதெய்வம் என்று கேட்டதோடு சரி.

அந்த ஆய்வில் நம்மை உறுத்திய இடம் வேறு. சிலர் புத்திசாலித்தனமாக யூசர் ஏஜென்ட் வரியைப் பொய்யாக மாற்றி வைத்திருந்தார்கள். ஐபோன் என்று வரி சொல்லும். ஆனால் ஐபோனில் இருக்கவே முடியாத ஃபிளாஷ் அந்த பிரவுசரில் இருக்கும். அப்படிப்பட்ட ஐபோன் உலகத்திலேயே அரிது. மறைக்கப் போட்ட வேடமே ஆளைக் காட்டிக்கொடுத்தது. பெரிய நிறுவனம் பொய் சொன்னால் அது தரநிலை ஆகிவிடுகிறது. தனி ஆள் சொன்னால் தடயம்.

இந்த முறைக்கு 'ரேகை எடுப்பது' என்று பெயர் வந்ததையும் நாம் சும்மா கடந்துபோக முடியாது. விரல்ரேகையை ஆட்சியின் கருவி ஆக்கியது நம் நாட்டில்தான். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, ஒப்பந்தம் எடுத்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் கைப்பதிவை ஆவணத்தில் வாங்கினார். வார்த்தையை நம்பாமல் உடம்பைப் பதிந்துகொள்ளும் யோசனை. 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கியது. வகைப்படுத்தும் வேலையில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவருக்கும் பெரும் பங்கு உண்டு. முறைக்கு வந்த பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. (இதுவும் நமக்குப் பழகியதுதான்.) 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்ட சமூகங்களின் ரேகையைப் பதிய அதிகாரம் கொடுத்தது. மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது, பலர் இறந்தார்கள். இன்றைய சாதிக் கணக்குகள் வேறு, அதை இங்கே பேசவில்லை. அந்த மக்களுக்குத் தங்களிடம் ரேகை கேட்கப்படுகிறது என்று தெரிந்திருந்தது. அதனால் மறுக்க முடிந்தது. நம் பிரவுசரிடம் ரேகை எடுக்கும்போது நம் விரலில் மை படுவதில்லை.

மை படாமல் எடுக்கும் வித்தை வளர்ந்துகொண்டே போனது. 2012இல் கீட்டன் மவரி, ஹோவாவ் ஷாச்சம் என்ற இரு ஆய்வாளர்கள், கண்ணுக்குத் தெரியாமல் பிரவுசரை ஒரு சின்னப் படம் வரையச் சொன்னால், கணினிக்குக் கணினி அதன் புள்ளிகளில் நுண்ணிய வித்தியாசம் வருகிறது என்று காட்டினார்கள். இரண்டே வருடம். 2014இல் பிரின்ஸ்டன், லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முன்னணியில் இருந்த 1,00,000 தளங்களில் 5 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் இந்த வித்தை நடப்பதைக் கண்டார்கள். பெரும்பாலும் 'பகிர்' பொத்தான் கொடுத்துவந்த ஆட்திஸ் என்ற ஒரே நிறுவனத்தின் வேலை. அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளத்திலும் அது இருந்தது.

பயமுறுத்துவது நம் நோக்கமில்லை. 2018இல் பிரான்சில் பலரும் பயன்படுத்தும் ஒரு தளத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேகைகளை ஆராய்ந்தபோது தனித்து நின்றவை 33.6 சதவீதம்தான், போன்களில் 18.5 சதவீதம். கூட்டம் பெரிதாக இருந்தால் ஒளிய இடம் இருக்கிறது. டோர் பிரவுசர் கட்டப்பட்டதே இந்தக் கணக்கில்தான்: ஜன்னல் அளவு உட்பட, அதைப் பயன்படுத்தும் எல்லோரும் முடிந்தவரை ஒரே மாதிரி தெரிய வேண்டும். அதில் கூடுதல் வசதிகளை மாட்டாதீர்கள் என்று அவர்கள் சொல்வதும் அதனால்தான். இன்காக்னிட்டோ, நம் போனை எடுத்துப் பார்க்கிற அண்ணனிடமிருந்து ஹிஸ்டரியை மறைக்கும். தளத்திடமிருந்து ரேகையை மறைக்காது. விபிஎன் ஐபி முகவரியை மட்டும் மாற்றும்.

குரோமும் 2022, 2023இல் வரியைச் சுருக்கியது. மேலே பார்த்த "ஆண்ட்ராய்டு 10, கே" அதன் விளைவு, போன் எதுவானாலும், ஆண்ட்ராய்டு எத்தனையானாலும் அதே சொல்தான். நல்ல மாற்றம். ஆனால் அதே கூகுள், 2019இல் ரேகை எடுப்பது தவறு என்று சொன்ன நிறுவனம், 2025 பிப்ரவரி 16 முதல் தன் விளம்பரதாரர்கள் மீதிருந்த அந்தத் தடையைத் தளர்த்தியது. பொறுப்பற்ற செயல் என்று பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் கண்டித்தது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்கு தரும் அதிகாரத்தை அரசிடமே கொடுத்திருக்கிறது.

அன்று மாலை வகுப்பில் எல்லோருமாக எங்கள் அலுவலகக் கணினியைச் சோதித்துப் பார்த்தோம். பனாப்டிகிளிக் இப்போது 'கவர் யுவர் டிராக்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. தனித்துத் தெரிகிறது என்றே முடிவு வந்தது. பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனபோது எழுத்துரு வரியில் எல்லோரும் நின்றோம். துண்டறிக்கை அடிக்க, போஸ்டர் வடிவமைக்க, பழைய மனுக்களைத் திறக்க என்று பத்து வருடமாக ஏற்றி வைத்த பாமினி, வானவில் முதலான தமிழ் எழுத்துருக்கள். அந்தக் கணினியில் இப்போது துண்டறிக்கை மட்டும்தான் அடிக்கிறோம். புனைபெயர்க் கணக்கை அதில் யாரும் திறப்பதில்லை.